குழாய் பார்க்க வந்தவர்

தெருவில் அவளுக்குக் "கட்டில் மேடம்" என்று பெயர். கேட்கிறவர்கள் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மரச் சாமான்களைப் பிரித்துப் பெட்டியில் போட்டு வீடு வீடாக அனுப்பும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பெட்டியைத் திறந்தவர்கள் எந்தப் பலகையை எதில் மாட்டுவது என்று தெரியாமல் விழி பிதுங்கிப் போன் அடிப்பார்கள். எடுப்பவள் இவள். "சார், தலைமாட்டுப் பலகையில ரெண்டு ஓட்டை இருக்கா? அதைக் கீழ்ப்பக்கமா வெச்சுக்குங்க. நீள ஸ்க்ரூவை இப்பவே இறுக்கிடாதீங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜன்னல் வழியாகத் தெருவுக்கே பாடம் நடக்கும். அவள் வீட்டில் கட்டில் கிடையாது. தரையில் ஒரு மெத்தைதான்.

அந்த வருடங்களில் மாநிலம் நாலு கால் பாய்ச்சலில் வளர்ந்துகொண்டிருந்தது. ஊரைச் சுற்றி ஆறு வழிச் சாலை வந்தது. சாலை ஓரமாகப் பெரிய பெரிய கிடங்குகள் வந்தன. தண்ணீர் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பஸ் நிறுத்தங்களில் எல்லாம் அரசாங்கம் பலகை வைத்தது: "உங்கள் வீடே உங்கள் அலுவலகம்." பலகையில் ஒரு பெண் செடித் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துச் சிரிப்பாள். லேப்டாப்பைப் பார்த்து அப்படிச் சிரிக்கிற பெண்ணை நான் இதுவரை நேரில் கண்டதில்லை.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் இவளும் விண்ணப்பித்தாள். கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டது. தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், வேலை நேரத்தில் குடும்பத்தார் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. வாடிக்கையாளரின் விலாசமும் போன் நம்பரும் திரையில் வருமாம், வீட்டு ஆட்கள் பார்த்துவிடக் கூடாதாம். இவள் வீட்டில் இருந்தது ஒரு அறை, ஒரு அடுப்படி, வாசலிலிருந்து அடுப்படிவரை ஒரு நடை. அறையில் வீட்டுக்காரர் தூங்குவார். கிடங்கில் ராத்திரி வேலை அவருக்கு, பகலில் அவர் விடும் குறட்டைக்கு ஜன்னல் கம்பி அதிரும். நடையில் அப்பா.

ஆகவே சேரும் நாளன்று மட்டும் வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பிக் கடைக்கு அனுப்பிவிட்டு, அந்த அறையை வீடியோவில் சுற்றிக் காட்டினாள். மறுநாளிலிருந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். கழுவும் தொட்டிக்கு முன்னால் கம்பி கட்டி, வெளிர்நீலப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். கேமராவில் அது நல்ல சாயம் அடித்த சுவர் மாதிரியே தெரிந்தது. பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அது மட்டும் யாருக்கும் கேட்காமல் அடியில் ஒரு துணியைப் போட்டு வைத்திருந்தாள்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின் சீட்டில் தூங்குகிறவனை முன் படியிலிருந்து எழுப்பிய தொண்டை அது. அம்மா போன பிறகு ஒரே பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்தே விருந்தாளி மாதிரி ஓரமாகத்தான் உட்காருவார். அவள் வேலையில் சேர்ந்ததும் அந்தத் தொண்டையையும் ஓரமாக வைத்துவிட்டார். பகலில் பேச்சே கிடையாது. அடுப்படிக்குள் வர வேண்டுமென்றால் கதவுச் சட்டத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு அப்படியே நிற்பார். போன் ஓடவில்லை என்றால் அவள் மேசையில் இரண்டு தட்டு தட்டுவாள். ஒரு விசிலுக்கு நிற்கணும், இரண்டு விசிலுக்குக் கிளம்பணும், வாழ்நாள் முழுக்க அவர் பழகிய பாஷை அது. தொண்டை வறண்டாலும் அந்த இரண்டு தட்டு கேட்காமல் தண்ணீர் குடிக்க உள்ளே வந்ததில்லை.

விபத்து நடந்தது மாதக் கூட்டத்தன்று. எல்லோர் முகமும் சின்னச் சின்னக் கட்டமாகத் திரையில் நிற்க, தலைமை அலுவலகத்துப் பெரிய சார் பேசிக்கொண்டிருந்தார். முந்தின வாரம்தான் ஒரு பெண்ணை வேலையை விட்டு எடுத்திருந்தார்கள். அவள் பேசும்போது பின்னாலிருந்து அவள் மாமியார் வாடிக்கையாளரின் விலாசத்தைச் சத்தமாகப் படித்தாளாம். பெரிய சார் அதையே இழுத்து இழுத்துச் சொன்னார். இவள் தன்னை அறியாமல் பேனாவால் மேசையில் இரண்டு தட்டு தட்டினாள்.

நடையில் எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ, அப்பா அதை ரைட் என்று எடுத்துக்கொண்டார். பூனை மாதிரி உள்ளே வந்து, சுவரோடு சுவராக ஒட்டி, விரிப்புக்குப் பின்னால் நுழைந்தார். முழங்கை பட்டது. ஒரு கிளிப் தெறித்தது, விரிப்பு பாதியாகச் சரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அலமாரி, குவிந்து கிடந்த பாத்திரம், ஓட்டைப் பனியன் போட்டுக் கையில் டம்ளரோடு நிற்கும் ஒரு கிழவர், எல்லாம் அத்தனை கட்டத்து முகங்களுக்கும் தரிசனமாயின.

"யாரும்மா அது, பின்னாடி?" என்றார் பெரிய சார்.

அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பிளம்பர் சார். என் ரூம்ல கரண்ட் இல்லை, அதான் இன்னிக்கு மட்டும் கிச்சன்ல உக்காந்தேன். குழாய் ஒழுகுதுன்னு வரச்சொல்லியிருந்தேன்."

வேலை போய்விடுமே என்ற பயம் என்று பிற்பாடு அவள் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயம் மட்டும்தானா? மற்ற கட்டங்களில் திரைச்சீலையும் செடித் தொட்டியும் புத்தக அலமாரியும் தெரிந்தன. இவள் கட்டத்தில் ஓட்டைப் பனியன் தெரிந்தது. "எங்க அப்பா" என்ற வார்த்தை அந்த ஓட்டையில்தான் விழுந்து காணாமல் போனது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

அப்பா ஒரு கணம்தான் நின்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். பாத்திரம் பிடிக்கும் இடுக்கியை எடுத்துக் குழாயின் கழுத்தை இரண்டு தட்டு தட்டினார். "வாஷர் போயிருச்சு, மேடம். அப்புறமா வந்து மாத்தித் தர்றேன்" என்றார், மெதுவாக, பணிவாக. இத்தனை வருடத்தில் அப்பாவுக்கு இப்படி ஒரு மெல்லிய குரல் உண்டு என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் அவள் டீ போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று சர்க்கரையையே கலக்கிக்கொண்டிருந்தாள். அவரே ஆரம்பித்தார். "பிளம்பருக்கும் ஒரு டீ உண்டா, மேடம்?" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையே மன்னிப்புக் கேட்டதாகக் கணக்கில் எழுதிக்கொண்டாள். சுலபமாகப் போயிற்று.

பொய் சும்மா இருக்குமா? குட்டி போட்டது. சில வாரம் கழித்து, வீட்டிலிருந்தே வேலை செய்து முன்னேறிய பெண்கள் என்று கம்பெனியும் அரசாங்கமும் சேர்ந்து ஒரு விளம்பரப் படம் எடுக்கத் தீர்மானித்தார்கள். வாடிக்கையாளர்கள் அதிகம் பாராட்டிய குரல் என்று இவளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகல் மட்டும் வீட்டுக்காரரை நண்பர் வீட்டில் தூங்கச் சொல்லி, அறையைக் காலி செய்து, இரவல் மேசை போட்டு, இரவல் செடித் தொட்டியும் வைத்தாள். அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு நடையில் நின்றார். "ஓரமா நிக்கறேன் பாப்பா. கேட்டா ரெண்டு வார்த்தை பேசறேன், கேக்காட்டி வேண்டாம்" என்றார்.

கேமராக்காரர்களோடு வந்தவள் இவளுடைய டீம் லீடர். ஊரின் அந்தக் கோடியில் புது அடுக்குமாடியில் இருப்பவள். இவளைவிட வயதில் சின்னவள், நல்ல மாதிரிதான். செருப்பைக் கழற்றும்போதே அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க அன்னிக்கு மீட்டிங்ல வந்த பிளம்பர்தானே? மறுபடியும் ஒழுகுதா?"

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய கை கதவுச் சட்டத்தின் மேல்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பார். இரண்டு தட்டு தட்டியிருந்தால் "நான் அவ அப்பாம்மா" என்று தெருக்கோடிக்குக் கேட்கச் சொல்லியிருப்பார். விரல் அசையவில்லை. அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. அதே குழாய்தான்" என்றார் அப்பா.

"பளிச்சுன்னு சட்டையெல்லாம் போட்டு வந்திருக்கீங்களே!"

"கேமரா வருதுன்னாங்க. குறுக்கால வந்துட்டா அசிங்கமா இருக்கக் கூடாதில்ல."

லீடர் சிரித்துவிட்டுத் தன் புலம்பலைத் தொடங்கினாள். "எங்க பாத்ரூம் குழாயும் மூணு மாசமா ஒழுகுது. இந்த ஊர்ல சாஃப்ட்வேர் ஆளு தெருவுக்குப் பத்துப் பேர் கெடைப்பாங்க, ஒரு பிளம்பர் கெடைக்க மாட்டேங்கிறாரு. எல்லாரும் புதுக் கட்டடத்துக்குப் போயிடறாங்க. உங்க நம்பரைக் குடுங்களேன்." அப்பா நம்பரைச் சொன்னார். மறுக்க என்ன வழி இருந்தது அவருக்கு? பிறகு, வேலை முடிந்த பிளம்பர் வீட்டில் நிற்பது முறை இல்லையே, காய்கறிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். படம் எடுத்து முடியும்வரை பஸ் நிறுத்தத்தில், அந்தச் சிரிக்கிற பெண்ணின் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

உள்ளே கேமரா ஓடியது. "இந்த வேலையால உங்களுக்கு என்ன நன்மை?" என்று கேட்டார்கள். "குடும்பத்தோடயே இருக்க முடியுது" என்றாள் இவள். திக்காமல் திணறாமல், சிரித்த முகமாகச் சொன்னாள். வெளிச்சத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது லீடர் பேச்சுவாக்கில், "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்றாள்.

"நானும் அவரும் மட்டும்தான்."

இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அன்றைக்குப் பயம் என்று ஒரு சாக்காவது இருந்தது. ஆனால் இப்போது அப்பாவும் உண்டு என்றால், சற்று முன் வெயிலில் இறங்கிப் போனது யார் என்ற கேள்வி வருமே. மானம் போய்விடும் என்று பயந்து மானங்கெட்ட பதிலைச் சொன்னாள்.

அதற்கப்புறம் அப்பா ஒரு மாதிரி ஆகிவிட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே பழியாய்க் கிடந்தார். வந்தால் அடுப்படிக் குழாயைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். வாஷரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு வழியாகக் குழாய் சொட்டுவது நின்றது. நின்ற பிறகும் கழற்றினார். ஒருநாள் ஸ்பேனர் தொட்டியில் விழுந்து கணகணவென்று சத்தம் போட்டது, இவள் போனில் இருந்தாள்.

"அப்பா! நல்லா இருக்கிற குழாயை எதுக்குப் போட்டுக் குடையறீங்க? என் வேலையைக் கெடுத்துட்டுத்தான் ஓய்வீங்களா?"

"இல்ல பாப்பா. சும்மா, கை பழகட்டுமேன்னு" என்று ஸ்பேனரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் போனவர், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினார். சட்டைக் கை நனைந்திருந்தது, விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. "எங்கப்பா போனீங்க?" என்றாள். "டிப்போ பக்கம். பழைய ஆளுங்களைப் பாக்க" என்றார். பழைய ஆட்களைப் பார்த்தால் விரலில் தோல் உரியுமா என்று அவள் கேட்கவில்லை. அன்று நாள் முழுக்க ஒரு ஆள் அலமாரிக் கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டு இவளைப் பாடாய்ப் படுத்தியிருந்தான். களைத்துப் போயிருந்தாள்.

படம் வெளிவந்தது. எல்லோர் போனிலும் வந்தது. பஸ் நிலையத்துப் பெரிய திரையிலும் ஓடியது. தெருவில் கட்டில் மேடத்துக்குத் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. வேலை நிரந்தரமானது, சம்பளமும் உயர்ந்தது. எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் அப்பாதான். நடையில் உட்கார்ந்து, பார்க்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார்.

ஒருநாள் மதியம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்திருந்தார். இவள் சாப்பாட்டு நேரத்தில் காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நடையில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"இங்க நிறுத்துறேன் பாருங்க. ஆரம்பத்துல வாசலைக் காட்டறாங்கல்ல? ஓரத்துல வெள்ளைச் சட்டை தெரியுதா? அது நான்தான்."

"உங்க முதுகுதானே தெரியுது! கையில பை வேற. பொண்ணைப் படம் எடுக்கறப்ப நீங்க எங்க கெளம்பினீங்க?"

அப்பா சிரித்தார். "வந்தவங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வரலாம்னு கடைக்குப் போனேன். பாவம், அதுக்குள்ள எடுத்து முடிச்சுட்டாங்க. பாப்பா என்னைத் தேடிட்டே இருந்திருக்கா."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேற்றாள் முன்னால் அவள் அவரைப் பெற்றவர் இல்லை என்று ஆக்கினாள். அவரோ வேற்றாள் முன்னால் அவளை நல்ல மகளாக ஆக்கிக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டு லீடருக்குப் போன் போட்டாள். நிரந்தரமான வேலை போனாலும் போகட்டும், சொல்லிவிடுவது என்று துணிந்துவிட்டாள்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். எனக்குத் தனி ரூம் கிடையாது. கிச்சன்லதான் உக்காந்து வேலை பாக்கறேன். அன்னிக்கு மீட்டிங்ல தெரிஞ்சாரே, படம் எடுத்த அன்னிக்கும் நின்னாரே, அவரு பிளம்பர் இல்லை. எங்க அப்பா."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள், போகவில்லை.

"மேடம்?"

"ஐயோ" என்றாள் லீடர். "ரூமை விடுங்க, அதை நான் பேசிக்கறேன். நானே மொட்டை மாடிப் படியில உக்காந்துதான் பாதி மீட்டிங் பாக்கறேன். அது இல்ல. அவரு எங்க வீட்டுக்கு வந்தாரேங்க."

"யாரு?"

"உங்க அப்பா. நான்தான் ஃபோன் பண்ணிப் பண்ணிக் கூப்பிட்டேன். ஒரு சனிக்கிழமை ரெண்டு பஸ் மாறி வந்தேன்னாரு. பாத்ரூம் தரையில படுத்துக்கிட்டு அரை நாள் வேலை பாத்தாரு. ரொம்ப நேரம் ஆச்சுன்னு..." அவள் நிறுத்தினாள். "நான் திட்டிட்டேங்க. தொழில் தெரியலைன்னா ஏன் ஒத்துக்கறீங்கன்னு கத்திட்டேன். அவரு சரி பண்ணிட்டுத்தான் எழுந்தாரு. காசு குடுத்தா வாங்கலை. 'லேட்டானதை மட்டும் அந்த மேடம்கிட்ட சொல்லிடாதீங்கம்மா, என்னை நம்பிச் சொல்லி அனுப்பினவங்க'ன்னாரு."

இவள் போனை எப்படி வைத்தாள், லீடர் அழுதாளா, என்ன சொல்லி முடித்தார்கள், எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. தொட்டியருகே போய்க் குழாயைப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. கை பழகட்டுமே என்று அவர் சொன்னதும், வேலையைக் கெடுக்கிறீர்கள் என்று தான் கத்தியதும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. உடம்பு கூசியது. இந்த அடுப்படியில் ஒளிந்துகொள்ள அந்தப் படுக்கை விரிப்பைத் தவிர வேறு இடம் இல்லை.

நடையில் தையல்காரர் போய்விட்டிருந்தார். அப்பா டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடும்பத்தோடயே இருக்க முடியுது" என்று அவளுடைய குரல் போனிலிருந்து கேட்டது.

அவர் வழக்கமாக நிற்கும் கதவுச் சட்டத்தருகே அவள் நின்றாள். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தையும், கையிலிருந்த போனையும் பார்த்தார். புரிந்துவிட்டது. படத்தை நிறுத்தினார். எதையோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி அவர்தான் தலையைக் குனிந்தார்.

"அந்தம்மா ஃபோன் பண்ணாங்களா?" என்றார். "நான் போகாம இருந்தா உன் பேர் கெட்டுடுமேன்னுதான் போனேன் பாப்பா. என்னவாம்? மறுபடியும் ஒழுகுதாமா?"

அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒழுகலியா? அப்ப சரி" என்று அவர் முகம் மலர்ந்தது. உள்ளே வரச்சொல்லி டம்ளரில் இரண்டு தட்டு தட்டினார்.

அவளுக்குக் கால் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.